மூன்றாவது மைக்கைக் கெடுத்தவர்

என் அத்தை ஒரு பொய்க்காரி. மூன்றாவது மைக்கைக் கெடுத்தது அவள்தான். பழி மட்டும் அறுபது வருடமாக என் தலையில் இருக்கிறது. கல்யாண வீடோ பிறந்தநாள் விருந்தோ, எங்கே ஒரு மைக்கைக் கண்டாலும் எங்கள் குடும்பத்தில் யாராவது ஒருவர் என்னைப் பார்த்து, "இவ கையில மட்டும் குடுத்திடாதீங்க" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அத்தையும் சேர்ந்து சிரிப்பாள். மற்றவர்கள் சிரிப்பதைப் பொறுத்துக்கொள்வேன். அவள் சிரிப்பதைப் பொறுக்க முடியவில்லை.

எனக்கு மெழுகி எழுத வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருடம். எனக்கு ஒன்பது வயது. மலாக்காவில், காஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டில் இருந்தோம். அப்பா ரோடு போடும் பிரிவில் மண்டோர், அதாவது கங்காணி. ரோடு உருட்டும் எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, வீட்டில் ரசத்துக்கு உப்பு கேட்டாலும் அதே குரலில்தான் கேட்பார். அத்தை அவருடைய தங்கை. பத்தொன்பது வயது. குரலில் அண்ணனுக்கு நேர் எதிர். அருமையாகப் பாடுவாள். ஆனால் அவள் பாட்டைக் கேட்க வேண்டும் என்றால் அவள் பக்கத்தில் போய் உட்கார வேண்டும்.

எங்கள் வட்டாரத் தமிழர்களுக்கு ஒரு இளைஞர் மன்றம் இருந்தது. அதில் இளைஞர்கள் குறைவு. அப்பா செயலாளர். மெர்டேக்கா நாளன்று, அதாவது சுதந்திர நாளன்று, திடலில் கொண்டாட்டம் வைப்பது, மேடையில் ஒரு தமிழ்ப் பாட்டுப் பாடுவது என்று முடிவானது. பாட்டை அப்பாவே எழுதினார். ஒவ்வொரு அடியும் ஒரு மைல் நீளம். பாடப்போவது தன் தங்கை என்பதையும் அவரே முடிவு செய்தார்.

மன்றத்துப் பொருளாளர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பாசாரில் ஆட்டிறைச்சி விற்பவர். லாரி ஹார்ன் மாதிரிக் குரல். அந்த வருடப் பொங்கலுக்கு அத்தை பாடியபோது மூன்றாவது வரிசைக்கு மேல் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை என்பதைக் கூட்டத்தில் எழுந்து சொன்னார். அது உண்மைதான்.

"மைக் இருந்தா தங்கச்சி பாடட்டும். இல்லாட்டி நான் பாடுறேன். எனக்கு மைக்கெல்லாம் தேவையில்ல" என்றார். அதுவே தீர்மானமாகிவிட்டது.

மன்றத்திடம் ஆம்ப்ளிபயர் பெட்டி இருந்தது. கூம்பு ஒலிபெருக்கி இருந்தது. இரண்டும் எங்கள் வீட்டில்தான் கிடந்தன. மைக்தான் இல்லை. பழைய மைக்கில் கரப்பான் குடும்பம் ஒன்று குடியேறி, உள்ளே இருந்ததையெல்லாம் தின்றுவிட்டிருந்தது. வீடு வீடாகப் போய் ஐம்பது வெள்ளி திரட்டினார்கள். கடையில் புதிய நல்ல மைக் அதைப் போல மூன்று மடங்கு விலை.

எனக்கும் இதில் ஒரு பங்கு இருந்தது. அத்தை பாடுவதற்கு முன்னால் அதே மைக்கில் நான் நான்கு வரி வரவேற்புச் சொல்ல வேண்டும். ஆகவே, மைக் வந்தால் அத்தை பாடுவாள், நான் பேசுவேன். வராவிட்டால் இரண்டு பேரும் கீழே உட்கார்ந்து ஆட்டிறைச்சிக்காரர் பாட்டைக் கேட்க வேண்டும். ஒன்பது வயதில் அதைவிடப் பெரிய கவலை எனக்கு இல்லை.

டவுனில் ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவர் ரேடியோக் கடை வைத்திருந்தார். அங்கே ரிப்பேர் பார்க்க ஓர் ஆள் இருந்தார். இன்று அவர் எனக்கு மாமா, அத்தையின் கணவர். அன்று அவர் எங்களுக்கு யாருமில்லை. வெறும் ரேடியோக் கடை ஆள். வெள்ளிக்கிழமை தொழுகைக்காகக் கடை சாத்தினால் அன்று பிற்பகல் முழுக்க அவருக்கு ஓய்வு. குறைந்த விலையில் மைக் தேடித் தரச் சொல்லி அப்பா அவரைக் கேட்டுக்கொண்டார்.

வயதுக்கு வந்த பெண் இருக்கும் வீடு என்று வெளி ஆண்பிள்ளை யாரையும் அப்பா உள்ளே விட்டதில்லை. தபால்காரர்கூட வேலிக்கு வெளியே நின்றுதான் மணியடிப்பார். அந்த வீட்டுக் கதவு மைக்குக்குத் திறந்தது. மைக்கோடு வந்தவருக்கும் திறந்தது.

முதல் வெள்ளிக்கிழமை அவர் கொண்டுவந்தது சோப்பு டப்பா மாதிரி பளபளப்பான ஒரு மைக். பதினைந்து வெள்ளி. கூம்பை ரம்புத்தான் மரத்தில் கட்டினார். அப்புறம் ஒரு வேலை செய்தார். தெருக்கோடியில் நின்று கேட்டுச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், ஆனால் அந்த ஆளுக்குத் தமிழ் தெரியக் கூடாது என்றார். அப்பாவுக்கு விளங்கவில்லை.

"தமிழ் தெரிஞ்சவங்களுக்குப் பாதி கேட்டாலே போதும், மீதியை மனசு நிரப்பிக்கும். தெரியாதவங்க காதுல விழுந்ததைத்தான் சொல்வாங்க, அண்ணே" என்றார்.

அதற்கு ஏற்ற ஆள் பக்கத்து வீட்டிலேயே இருந்தார். பல தலைமுறையாக மலாய் பேசும் பழைய தமிழ் வம்சத்தார் வாழும் செட்டி கம்பத்திலிருந்து வந்து குடியிருந்த ஓர் அம்மாள். நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுவோம். எங்களைவிட அதிகமாகக் கோயிலுக்குப் போவார், திருநீறு இல்லாமல் வெளியே வரமாட்டார், ஆனால் பேச்செல்லாம் மலாய்தான். தமிழில் நாலைந்து சொற்களுக்கு மேல் தெரியாது. அவரை நாற்காலியோடு தெருக்கோடியில் உட்காரவைத்தோம். அத்தை ஓர் அடி பாடுவாள். மக்சிக் காதில் விழுந்ததை விழுந்தபடி உரக்கத் திருப்பிச் சொல்வார். அர்த்தம் தெரியாமலே அப்பாவின் ஒரு மைல் நீள அடியில் முக்கால் மைல் சரியாகச் சொல்லிவிட்டார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பொருளாளர் அதுவரை அந்தப் பாட்டைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

மைக்கை வாங்கிவிட்டோம். அன்று மாலையே அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து அம்மா மஞ்சள் தண்ணீர் தெளித்து, சந்தனம் வைத்து, பொட்டும் வைத்தாள். ஈரமாக இருக்கிறதே என்று மறுநாள் அப்பா அதைக் குளியலறைத் தகரக் கூரைமேல் வெயிலில் காயவைத்தார். உச்சி வெயில். மலாக்கா தகரக் கூரையில் அப்பளம் காயவைத்தால் அரை மணியில் எடுக்கலாம். மைக் மூன்று மணி நேரம் இருந்தது. அதற்கப்புறம் அது பேசவில்லை.

அடுத்த வெள்ளி மாமா வந்து அதைப் பிரித்துப் பார்த்தார். இந்த ரக மைக்குக்குள்ளே உப்புக் கட்டி மாதிரி ஒன்று இருக்கும், அதுதான் குரலை வாங்கும், ஈரமும் ஆகாது, சூடும் ஆகாது என்றார்.

"உப்பா? உப்புக்கா பதினஞ்சு வெள்ளி குடுத்தோம்?" என்றார் அப்பா.

தகரக் கூரை விஷயத்தை அப்பா மன்றத்தில் சொல்லவில்லை. ஈரக்காற்று என்று சொன்னார். அந்தப் பொய்யை நான் மன்னித்துவிட்டேன். அதில் என் பெயர் இல்லை.

இரண்டாவது மைக், பார்த்து வாங்கலாம் என்று இரவலாக வந்தது. உள்ளே கரித்தூள். விலை இன்னும் குறைவு. ஆனால் பாடும்போது யாரோ பக்கத்தில் வாழைப்பழம் பொரிப்பது மாதிரி இரைச்சல். கொஞ்ச நேரத்தில் தூள் இறுகிச் சத்தம் அமுங்கிவிடும். விரலால் ஒரு தட்டுத் தட்டினால்தான் மறுபடி பேசும். அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அவர் குரலுக்கு அது பொருந்தியது. அத்தையின் குரலோ பொரியலில் மூழ்கிப்போனது. தெருக்கோடியிலிருந்து மக்சிக் எதையும் திருப்பிச் சொல்லவில்லை. எழுந்து வந்து, கோரேங் பீசாங் யார் வீட்டில், நமக்கும் உண்டா என்று கேட்டார். அந்த மைக் அன்றே திரும்பிப் போனது.

மூன்றாவது வந்தது. ஊருக்குத் திரும்பிப்போன ஒரு தோட்டத்துத் துரை விற்றுவிட்டுப் போன சாமான்களில் ஒன்று. முப்பத்தைந்து வெள்ளி. சாம்பல் நிறம், நல்ல கனம், தலையில் ஒரு நசுங்கல். உள்ளே காந்தமும் கம்பிச் சுருளும்தான், வெயிலுக்கும் மழைக்கும் பயமில்லை என்றார் மாமா. சொல்லும்போது அம்மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அம்மா மஞ்சள் தண்ணீரைத் தள்ளி வைத்தாள்.

அன்று அவர் எங்கள் எல்லாருக்கும் மைக் பாடம் நடத்தினார். அடியில் இருந்த மூடியைக் கையால் திருகிக் கழற்றினார். வயர் வந்து சேரும் இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முனைகள். ஸ்குரூ டிரைவர் நுனியை இரண்டுக்கும் நடுவில் வைத்தார். கூம்பு ஊமையானது. எடுத்தார், சத்தம் வந்தது.

"இந்த ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொடக்கூடாது. நடுவுல சின்ன இரும்புத் துண்டு விழுந்தாக்கூடப் பேச்சு நின்னுடும்" என்றார்.

எனக்கு அது மாயாஜாலமாக இருந்தது. நாலு தடவை செய்யச் சொல்லிப் பார்த்தேன். அத்தை ஒரே ஒரு தடவை பார்த்தாள். அவளுக்கு அது போதுமாக இருந்திருக்கிறது.

பிறகு எப்படி நின்று பாட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். தூரம் நின்றால் கோழி, சைக்கிள் மணி, அண்ணன் இருமல் எல்லாம் உள்ளே வரும், ஒட்டி நின்றால் மூச்சு மோதும், நாலு விரல் இடைவெளி சரி என்று சொல்லி, மைக்குக்கும் அத்தை வாய்க்கும் நடுவில் தன் நாலு விரலை வைத்துக் காட்டினார்.

அப்பா சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். "விரல் வேணாம் தம்பி. இதை வச்சு அள" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பாட்டு தீப்பெட்டி தூரத்தில்தான் நடந்தது. அத்தை பாடினாள். மெதுவாகத்தான் பாடினாள், அவள் எப்போதும் பாடுவது மாதிரி. ரம்புத்தான் மரத்திலிருந்து அது தெருவெல்லாம் போனது. மாட்டுக்குப் புல் கொண்டுபோனவர் நின்றுவிட்டார். மக்சிக் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னார். அப்பா உடனே முடிவெடுத்தார்.

"அடுத்த வெள்ளி வந்து காசை வாங்கிக்க தம்பி. அதோட உனக்கு அலைச்சல் முடிஞ்சுது."

சமையலறையில் ஒரு தட்டு விழுந்தது. அங்கே இருந்தது அத்தை.

இப்போது அடுத்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். இதுதான் வழக்கு. பள்ளியிலிருந்து வந்ததும் நான் அலமாரியைத் திறந்து மைக்கை எடுத்தேன். எடுக்கக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். எடுத்தேன், ஒத்துக்கொள்கிறேன். வயர் மாட்டாமல், வெறும் மைக்கைப் பிடித்துக்கொண்டு என் நான்கு வரியை ஆறு தடவை சொன்னேன். பத்திரமாகத் திருப்பி வைத்தேன். என் தம்பி, நாலு வயது, வாயில் விரலோடு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து நான் தண்ணீர் குடிக்க உள்ளே போனபோது அத்தை அதே அலமாரிக்கு முன்னால் நின்றிருந்தாள். கொண்டை அவிழ்ந்து முதுகெல்லாம் முடி. அப்போதுதான் தலைவாரி முடித்தவள். மைக்கை எடுத்தாயா என்று என்னைக் கேட்டாள். இல்லை என்றேன். அவள் திட்டவில்லை. கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்து, ஒரு துண்டு குவே பலகாரமும் கொடுத்தாள். பொய் சொன்னதற்கு எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பரிசு அது. என்ன இது என்று நான் யோசித்திருக்க வேண்டும். குவே தேங்காய்ப்பூ போட்டது. யோசிக்கவில்லை.

மாலை மாமா வந்தார். அப்பா காசைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றார். வயரை மாட்டினார்கள். கூம்பு ஊமை.

யார் தொட்டது என்று அப்பா கேட்ட கேள்வி புக்கிட் பாரு வரைக்கும் கேட்டிருக்கும். தம்பி வாயிலிருந்து விரலை எடுத்தான். அதை என் பக்கம் நீட்டினான்.

மாமா எல்லாருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து அடிமூடியைத் திருகினார். நான் மட்டும் பக்கவாட்டில், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னால் என்ன உடைந்தது என்று பார்க்க வேண்டும். உள்ளேயிருந்து சின்னதாக, கறுப்பாக ஏதோ ஒன்றை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து ஒரு நிமிடம் பார்த்தார். தலையைத் தூக்கி அத்தையைப் பார்த்தார். அத்தை ரம்புத்தான் மரத்தை முதன்முதலாகப் பார்க்கிறவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அந்தக் கறுப்புச் சாமானைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சின்னப் பிள்ளை கை பட்டிருக்கு போல. உள்ளுக்குக் கோளாறு, அண்ணே. நாலஞ்சு தடவை வந்து பாக்கணும்" என்றார்.

என் வரவேற்பு வரிகளை அப்பா அங்கேயே பறித்துப் பொருளாளர் மகளுக்குக் கொடுத்துவிட்டார். நான் அழுதேன். மைக்கின் முக்கியமான சாமான் ஒன்று என்னால் கழன்றுவிட்டது, அதை அவர் பையில் போட்டுக்கொண்டு போகிறார் என்று என் கண்ணால் பார்த்திருந்தேன். நான் கெடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். கெடுத்துவிட்டேனோ என்றும் தெரியும். ஒன்பது வயதில் இரண்டும் ஒரே நேரத்தில் தெரியும்.

கொண்டாட்டத்துக்கு மூன்று வாரம் இருந்தது. மாமா வெள்ளிக்கிழமை வந்தார். அப்புறம் புதன்கிழமையும் வந்தார், ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். மைக் ஒரு நாள் பேசும், மறுநாள் பேசாது. ஒரு நாள் ரிப்பேருக்கு வந்த ரீல் டேப் பெட்டி ஒன்றை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டுவந்து, மேடையில் கேட்பது வேறு, பதிந்து கேட்பது வேறு, இரண்டுக்கும் ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். அத்தை பாடியதைப் பதிந்து போட்டுக் காட்டினார். தன் குரலை வெளியிலிருந்து கேட்ட அத்தை, இது நானில்லை என்று சாதித்தாள். மறுபடி பதிந்தார்கள். மறுபடி. தீப்பெட்டி நடுவில் இருந்ததால் அப்பா கவலைப்படவில்லை. அம்மா மட்டும் மாமாவுக்கு விருந்தாளிக்கான பீங்கான் கோப்பையில் காப்பி கொடுக்க ஆரம்பித்திருந்தாள். மக்சிக் வேலிப் பக்கம் வந்து, மைக்தான் ரோசாக், இரண்டு பேர் மனசும் ரோசாக் இல்லை என்று அம்மாவிடம் சொன்னார். மலாயில் ரோசாக் என்றால் கெட்டுப்போனது. இரண்டு பேரும் சிரித்தார்கள். கெட்டுப்போன மைக்கைப் பார்த்து ஆளாளுக்கு எதற்குச் சந்தோஷப்படுகிறார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

பொருளாளர் வாரம் இரண்டு தடவை வந்து, மைக் பேசுகிறதா என்று விசாரித்தார். பேசாத நாள்களில் அப்பாவின் பாட்டைக் கொஞ்சம் பாடிக் காட்டிவிட்டுப் போவார்.

மெர்டேக்கா நாள் வந்தது. திடல் நிறையக் கூட்டம். தமிழர், மலாய்க்காரர், சீனர், செட்டி கம்பத்துப் பெண்கள். புதுக் கொடி. ஐஸ் கச்சாங் வண்டிகள். மாமா ஆம்ப்ளிபயர் பெட்டிக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்டு நின்றார். மைக் அன்று ஒரு குறையும் இல்லாமல் பேசியது. பொருளாளர் மகள் மேடையேறி, கூட்டத்தைப் பார்த்து, வாயைத் திறந்து, திறந்தபடியே நின்றுவிட்டாள்.

அத்தை மேடை ஓரத்திலிருந்து இறங்கி வந்தாள். கீழே உட்கார்ந்திருந்த என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினாள். மைக்கை என் உயரத்துக்குத் தாழ்த்தினாள். "சொல்லுடி" என்றாள்.

நான்கு வரியையும் ஒரே மூச்சில் சொன்னேன். மூச்சு மீதி இருந்தது. அதையும் செலவழித்தேன்.

"மைக்கை நான் உடைக்கல."

கடைசி வரிசைக்கும் பின்னால், ரோட்டோரத்தில் தன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்த மக்சிக் பழக்க தோஷத்தில் எழுந்து, ஒரு சொல் பிசகாமல், உரக்கத் திருப்பிச் சொன்னார்: "மைக்கை நான் உடைக்கல."

திடலே சிரித்தது. அப்பா கோபப்படுவார் என்று பயந்தேன். அவரோ எழுந்து நின்று எல்லாரையும் பார்த்துக் கையைத் தட்டினார். ரோடு வரைக்கும் தெளிவாகக் கேட்டுவிட்டது, அவருக்கு அதுதான் வேண்டும். அத்தை பாடினாள். இரண்டாவது அடியிலிருந்து பொருளாளரும் உட்கார்ந்த இடத்திலிருந்தே சேர்ந்து பாடினார், மைக் இல்லாமல். அவர் பாடியதும் ரோடு வரைக்கும் கேட்டது. அவ்வளவு சந்தோஷமான நாள் எனக்கு அப்புறம் அதிகம் வாய்க்கவில்லை. மாமா பெட்டியின் குமிழைத் திருகியபடி இன்னொரு கையால் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மைக்கின் சாமான் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கிறார் என நினைத்தேன்.

அடுத்த வருடம் அவர்களுக்குக் கல்யாணம். எனக்குப் புதுப் பாவாடை. நன்றாகச் சாப்பிட்டேன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

போன மாதம் அவர்கள் வீட்டில் என் மூக்குக் கண்ணாடியின் திருகு கழன்றுவிட்டது. சின்ன ஸ்குரூ டிரைவர் தேடி மாமாவின் பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தேன். அடியில் வெள்ளித்தாளில் மடித்த ஒரு பொட்டலம். பிரித்தேன். கறுப்புக் கொண்டை ஊசி. ஒரு முனையில் துரு.

இது என்ன மாமா என்று கேட்டேன். எண்பத்து மூன்று வயது மனிதர், பூனை மாதிரிப் பாய்ந்து அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அது மைக்கு சாமான்லா" என்றார்.

சமையலறையில் அத்தை தண்ணீர்க் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டாள். திறந்துவிட்டுப் பாட ஆரம்பித்தாள். அப்பாவின் பாட்டு.

மைக் நல்லபடியாக ஆனால் மாமா வரமாட்டார், கெட்டுப்போனால் வருவார். இந்தக் கணக்கு அன்று அந்த வீட்டில் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, தமிழ் தெரியாத மக்சிக்குக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. இப்போது புரிகிறது. புரிந்துவிட்டதால் விட்டுவிடுவேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வருகிற மாதம் இவர்களுடைய அறுபதாவது கல்யாண நாள் விருந்து. புக்கிட் பாரு மண்டபம். குடும்பம் முழுக்க வரும். மேடை இருக்கும், மைக் இருக்கும். ஒன்பது வயதில் ஒரு திடலுக்கு முன்னால் நான் பதில் சொல்லிவிட்டேன். அத்தை, நீங்கள் இன்னும் சொல்லவில்லை. தீப்பெட்டியை நானே கொண்டுவருகிறேன். அந்தத் தூரத்தில் நின்று, கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி, மூன்றாவது மைக்கைக் கெடுத்தது யார் என்று சொல்லுங்கள். மாமா, நீங்கள் பக்கத்தில் நின்று பையில் இருப்பதை எடுத்துக் காட்டுங்கள்.